காவ்காவ் ஆங்கிலத் தேர்வு: வாசித்தறியப் பழக்குவது எப்படி?

தண்டையார்பேட்டை வாசகர்:
சீன நண்பரின் மகளுக்குக் காணொளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவில் வரும் 150 மதிப்பெண் ஆங்கிலத் தாளுக்காக எவ்வளவோ சொற்களை மனப்பாடம் செய்திருந்தும், நீண்ட வாக்கியம் வந்தால் பொருள் பிடிபடாமல் தவிக்கிறாள். எதிலிருந்து தொடங்கலாம்?

பெரம்பூர் ஆசிரியர்:
வாக்கிய அமைப்பிலிருந்து தொடங்குங்கள், ஐயா. 'நேற்று வந்த பையன்' என்று நாம் சொல்வதைப்போலவே சீனத்திலும் அடை, அதாவது பெயரை விளக்கும் சொற்கள், பெயருக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் அது 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே' என்று பின்னால் வருவதால், எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே அவள் வழிதவறக்கூடும். முதலில் முதன்மை வினைக்கு அடிக்கோடிடச் சொல்லுங்கள். என் வியாசர்பாடி மாணவர்களும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

இராயபுரம் வாசகர்:
ஏழு வாக்கியங்களில் ஐந்தைத் தேர்ந்து இடைவெளிகளை நிரப்பும் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். 'திஸ்', 'ஹவெவர்' போன்ற சொற்கள் முந்தைய வரியில் எதைத் தொட்டு நிற்கின்றன என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.