குளோர்ஹெக்சிடின் விட்டுக் கழுவியும் பல்வேரின் கெனாலில் கசிவு நிற்கவில்லை – எண்டோடாக்ஸின் காரணமா?

கேள்வி:
கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல். பல்கூழ் செத்துவிட்டது, எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கருநிழல். ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கழுவும் மருந்து) வேர் நுனியைத் தாண்டிவிடுமோ என்ற பயத்தில், 25-ஆம் நம்பர் வரை ஃபைல் (கெனாலை அராவும் மெல்லிய கருவி) செய்து 2% குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மட்டும் விட்டுக் கழுவி, மருந்து வைக்காமல் தற்காலிகமாக அடைத்தாயிற்று. ஒரு வாரம் கழித்துத் திறந்தால் பேப்பர் பாயின்ட் (ஈரம் உறிஞ்சும் காகிதக் குச்சி) நுனி ஈரமாகவே வருகிறது, தட்டினால் வலிக்கிறது. கிருமி செத்திருக்க வேண்டாமா? அமாக்ஸிசிலின் ஆன்டிபயாடிக் எழுதலாமா?

மறுமொழி 1:
நிறைய கிருமி செத்திருக்கும். ஆனால் செத்த கிருமியும் தொல்லை கொடுக்கும். இந்த மாதிரிப் பல்லில் போர்ஃபிரோமோனாஸ், பிரிவோடெல்லா, ஃபியூசோபாக்டீரியம் போன்ற கிராம் நெகட்டிவ் காற்றில்லாக் கிருமிகள் அதிகம். இவற்றின் வெளிச்சுவரில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடுதான் எண்டோடாக்ஸின். கிருமி பெருகும்போதும் உதிரும், சாகும்போதும் உதிரும். அதிலுள்ள லிப்பிட் ஏ என்ற பகுதிதான் நஞ்சு. அது மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்லின் டி.எல்.ஆர்-4 ஏற்பியைத் தூண்ட, இன்டர்லூகின்-1, டி.என்.எஃப் போன்ற அழற்சியைத் தூண்டும் பொருள்கள் சுரந்து, எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட்கள் கிளம்பும். எக்ஸ்ரேயில் தெரிகிற கருப்பு அப்படி வந்ததுதான்.

குளோர்ஹெக்சிடின் கிருமியைக் கொல்லும். லிப்பிட் ஏ-வை உடைக்காது. செத்த திசுவையும் கரைக்காது. ஹைப்போ திசுவைக் கரைக்கும், ஆனால் எண்டோடாக்ஸினை முறிப்பதில் அதுவும் சுமார்தான். பாதி வேலை ஃபைலும், கழுவும் நீரின் அளவும் செய்வது.

மறுமொழி 2:
25-ஆம் நம்பரில் நிறுத்தியதையும் பாருங்கள். ஃபைல் நுனி 0.25 மி.மீ.; கழுவப் பயன்படும் 30 கேஜ் ஊசியின் வெளிவிட்டமே சுமார் 0.3 மி.மீ. ஊசி நுனிப் பக்கம் இறங்கவே இறங்காது. பக்கத்துளை ஊசியாக இருந்தால் மருந்து துளையைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர்தான் போகும். அதற்குக் கீழே இருந்த குப்பை அப்படியே இருக்கிறது.

ரப்பர் டேம் (பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் விரிப்பு) போட்டு, வேரின் வளைவு இடம் கொடுத்தால் 30 அல்லது 35 வரை அகலப்படுத்துங்கள். மேலிருந்து கீழாக ஃபைல் செய்தால் நுனிக்கு வெளியே தள்ளப்படும் அழுக்கு குறையும். சிட்டிங் முடிந்த ராத்திரி வீங்குவதற்கு அந்த அழுக்கு ஒரு முக்கியக் காரணம். ஹைப்போவுக்குப் பயப்படுவது நியாயம்தான், ஆனால் விபத்து நடப்பது ஊசி கெனாலில் இறுகி, பிஸ்டனை அழுத்தித் தள்ளும்போது. ஊசியில் ரப்பர் ஸ்டாப்பர் மாட்டி, வேலை நீளத்துக்கு (ஃபைல் இறங்க வேண்டிய அளந்த நீளம்) 2 மி.மீ. குறைவாக நிறுத்தி, மேலும் கீழும் அசைத்தபடி ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். கட்டைவிரல் வேண்டாம். ஹைப்போ முடிந்ததும் 17% ஈ.டி.டி.ஏ. (ஃபைல் செய்த சுவரில் படியும் தூள் படலத்தை நீக்கும் கரைசல்) ஒரு நிமிடம்.

முக்கியமாக, உள்ளே ஏற்கெனவே குளோர்ஹெக்சிடின் இருக்கிறது. சலைன் விட்டு அலசி, பேப்பர் பாயின்ட்டால் உலர்த்திய பிறகே ஹைப்போ. இரண்டும் கலந்தால் செம்பழுப்பு வீழ்படிவு உண்டாகி டென்டின் குழாய்களை அடைத்துக்கொள்ளும்.

மறுமொழி 3:
அமாக்ஸிசிலின் வேண்டாம். செத்த கூழில் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து எந்த வழியாகப் போகும்? போனாலும் எண்டோடாக்ஸினை அது தொடாது. காய்ச்சல், பரவும் வீக்கம், வாய் திறக்க முடியாமை இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இங்கே விட்டுப்போனது கால்சியம் ஹைட்ராக்சைடு. பி.எச். 12.5 அளவில் அது லிப்பிட் ஏ-வின் கொழுப்பு அமிலப் பிணைப்புகளை நீராற்பகுத்து நஞ்சை முறிக்கிறது. 1993-லேயே சஃபாவி, நிக்கல்ஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டியது. தொட்ட இடத்தில்தான் வேலை செய்யும் என்பதால் கெனாலின் வாயிலில் மட்டும் வைத்தால் பயனில்லை. சலைனில் குழைத்து, லென்டுலோ (பசையை உள்ளே தள்ளும் சுருள் கம்பி) கொண்டு வேலை நீளத்துக்கு 1 மி.மீ. குறைவு வரை இறக்கி, எக்ஸ்ரேயில் இடைவெளி இல்லாமல் நிரம்பியதா என்று பாருங்கள். ஒன்று முதல் இரண்டு வாரம். மேலே குறைந்தது 3 மி.மீ. தற்காலிக அடைப்பு, மெலிந்தால் எச்சில் கசிந்து எல்லாம் வீணாகும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இரண்டாவது முறை திறந்து காய்ந்திருந்தால் உடனே நிரந்தரமாக அடைத்துவிடலாமா?

மறுமொழி 3:
தட்டினால் வலி இல்லை, வீக்கம் இல்லை, பேப்பர் பாயின்ட் காய்ந்து வருகிறது என்றால் அடைக்கலாம். கருநிழல் மறைய மாதக்கணக்கில் ஆகும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் கால்சியம் ஹைட்ராக்சைடை முழுதாக எடுங்கள். சுவரில் ஒட்டியிருந்தால் சீலர் (நிரந்தர அடைப்பைச் சுவரோடு ஒட்டும் பசை) பிடிக்காது. ஈ.டி.டி.ஏ. விட்டு, கடைசி ஃபைலைக் கையால் சுழற்றி, அல்ட்ராசோனிக் முனையால் கலக்கிக் கழுவுங்கள். வெளிவரும் நீர் பால் நிறம் மாறித் தெளியும்வரை விடாதீர்கள்.