நீக்கப்பட்ட என் பக்கம் திரும்ப வந்தது எப்படி

மகப்பேறு வார்டில் செவிலியராக இருக்கிறேன். முதல் பிரசவம் முடிந்தவர்களுக்குத் தாய்ப்பால் கொடுக்கும் முறையைப் படம் வரைந்து விளக்கும் தமிழ்ப் பக்கம் ஒன்றைச் சமூக ஊடகத்தில் நடத்துகிறேன். 2023 ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் பார்த்தால் பக்கமே இல்லை. 'ஆபாசம்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். குழந்தையின் வாய் எப்படிப் பற்ற வேண்டும் என்று நான் வரைந்த கோட்டோவியம்தான் அது. நடுராத்திரியில் 'பால் கட்டிக்கிச்சு அக்கா' என்று கேட்டவர்களுக்கு எழுதிய பதில்கள் எல்லாம் அதோடு போயின. அழுதே விட்டேன்.

ஆப்பிலேயே மூன்று தடவை முறையிட்டேன், பலனில்லை. அப்புறம்தான் வக்கீலாக இருக்கும் என் நாத்தனார் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளை எடுத்துக் காட்டினார். இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளம், தானாக ஒரு பதிவை நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும், மறுத்துப் பேசவும் இடம் தர வேண்டும். இந்தியாவிலேயே ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் தெரிவித்து, 15 நாளில் முடிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி.

விதியைக் குறிப்பிட்டு அந்தக் குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். 13ஆம் நாள் 'மாற்றமில்லை' என்று பதில் வந்தது. அதை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2022 அக்டோபர் திருத்தத்தில் வந்த ஏற்பாடு இது. இந்தக் குழுக்களை மத்திய அரசே நியமிப்பது எனக்கு இன்னும் நெருடலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஓவியத்தையும் மின்னஞ்சல்களையும் இணைத்து மனு போட்டேன். மூன்று வாரத்தில் பக்கம் திரும்பியது.

பதில்:
அக்கா, என் தங்கையின் முகத்தை வேறு உடம்போடு ஒட்டி எவனோ போட்டுவிட்டான். அவளே புகார் கொடுத்தால்தான் செல்லும் என்று நினைத்து இரண்டு நாளை வீணாக்கினோம். அவள் அறையை விட்டே வரவில்லை. அவள் சார்பில் நான் கொடுக்கலாம், இப்படிப்பட்ட படத்தை 24 மணி நேரத்தில் எடுத்தாக வேண்டும் என்று அதே விதிகளில் அப்போது இருந்தது. லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் முதலில் சேமித்துக்கொண்டு குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். அன்று இரவே படம் போய்விட்டது. சேமித்ததை வைத்துத்தான் சைபர் கிரைமில் புகார் கொடுத்தோம்.

பதில்:
தங்கை இப்போது எப்படி இருக்கிறாள் தம்பி?

பதில்:
போன வாரத்திலிருந்து காலேஜுக்குப் போகிறாள் அக்கா.