இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதுசு முன்னாலா, பின்னாலா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அல்சூர் ஸ்விஃப்ட்

தொப்பூர் கணவாயில் நடந்தது. மூன்று வாரமாகியும் மனதை விட்டுப் போகவில்லை.

பழைய ஸ்விஃப்ட், டயர் அளவு 185/65 ஆர்15. முன்டயர் இரண்டிலும் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) தேய்ந்து, தேய்மான எல்லையைக் காட்டப் பள்ளத்துக்குள் இருக்கும் அந்த 1.6 மில்லிமீட்டர் மேட்டைத் தொட்டுவிட்டது. பின்னால் பாதி தேய்மானம். நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் போட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நான்கு வாங்கக் கையில் பணம் இல்லை, இரண்டு வாங்கினேன். "முன்வீல்தானே சார் இழுக்குது, புதுசு முன்னாடியே இருக்கட்டும்" என்றார் கடைக்காரர். புதுசு பின்னால்தான் போக வேண்டும் என்று எங்கோ படித்த ஞாபகம் எனக்கு இருந்தது. ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெங்களூரிலிருந்து சேலம் போகிறேன். தர்மபுரி தாண்டியதும் நல்ல மழை. கணவாய் இறக்கம், இடது வளைவு, வேகம் 70 இருக்கும். முன்னால் போன லாரி பிரேக் போட, நானும் பிரேக்கைத் தொட்டேன். முன்பக்கம் அப்படியே பிடித்தது. பின்பக்கம் தண்ணீர்மேல் மிதந்து வெளியே போய்விட்டது. முன் கண்ணாடியில் தெரிய வேண்டிய லாரியின் சிவப்பு விளக்கு, என் வலது ஜன்னலில் தெரிந்தது. அம்மா மடியில் இருந்த பூக்கூடை கதவில் மோதிக் கொட்டியது. வண்டி எப்படி நின்றது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சேலம் வரைக்கும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்களில் யார் புதுசை முன்னால் போட்டு ஓட்டுகிறீர்கள்? மழையில் எப்படி இருக்கிறது?

பானஸ்வாடி அப்பா

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும்.

என் கதை வேறு. நல்ல தள்ளுபடி என்று ஒரு கடையில் நான்கு டயர் போட்டேன். வெளிப்பக்கம் தேதியே இல்லை. ஒரு வாரம் கழித்து மகள் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து, "அப்பா, இங்க 2319னு போட்டிருக்கு" என்றாள். 2019ஆம் வருஷம் 23வது வாரம். நான் வாங்கியது 2023 கடைசியில். திரும்பப் போய்க் கேட்டால், "ரப்பர் நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். தேதியுள்ள முழு எண் சில டயரில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அது உள்பக்கம் போய்விட்டால் தெரியாது. ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

சர்ஜாபுரா ரோடு

முதலில் எழுதியவருக்கு: நடந்தது வருத்தம்தான், ஆனால் டயர் வைத்த இடத்தை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஈர வளைவில், இறக்கத்தில், 70இல் பிரேக்கைத் தொட்டால் எந்த வண்டியும் ஆடும். ஸ்டியரிங்கும் முன்னால், இழுப்பதும் முன்னால், பிரேக் சுமையில் பெரும்பங்கும் முன்னால். நான் 12 வருஷமாகப் புதுசை முன்னால்தான் போடுகிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் எல்லாம் மாதம் ஒரு தடவை போகிற வழி.

என்னை உறுத்துவது ஒன்றுதான். போன வருஷம் மாற்றிய டயர் 60க்கு மேல் போனால் 'ஙொய்' என்று சத்தம். அலைன்மென்ட் பார்த்தேன், பேலன்சிங் பார்த்தேன், பேரிங்கும் மாற்றிவிட்டேன். இரண்டு மாதம் கழித்துக் காற்று அடிக்கக் குனிந்தபோது, டயரின் வெளிப்பக்கம் 'இன்சைட்' என்ற எழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டன் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும் ரகம், திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இத்தனை நாள் தினமும் பார்த்த வண்டி.

அப்புறம், டயர் வாங்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சம். ஸ்விஃப்ட்காரர்கள் பலரும் 16 இன்ச் ரிம்முக்கு ஏறுகிறார்கள். 185/65 ஆர்15இன் மொத்த உயரம் 621.5 மில்லிமீட்டர், 195/55 ஆர்16இல் 620.9. அதனால் ஸ்பீடோமீட்டர் மாறாது. ஆனால் அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் பாருங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 87 என்றால் 545. ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை என்று ஊருக்குப் போகிறவர் அதை விட்டுவிடக் கூடாது. அடுத்து வரும் எழுத்து, டயர் தாங்கும் அதிகபட்ச வேகம்: எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், வி என்றால் 240. நாம் அந்த வேகம் போவதில்லை, சரி, ஆனால் சூடு தாங்குவதற்கும் அது ஒரு அடையாளம். கம்பெனி கொடுத்ததற்குக் கீழே இறங்காதீர்கள். டயரின் பக்கத்தில் 'ட்ரெட்வேர்' என்று இருக்கும் தேய்மான எண் 200, 300 என்றால் பொதுவாக ரப்பர் மென்மை, பிடிக்கும், சீக்கிரம் தேயும். 400க்கு மேல் நீண்ட நாள் வரும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்துப் போடுகிறார், எனவே ஒரு பிராண்டை இன்னொன்றோடு அப்படியே ஒப்பிட வேண்டாம். அதோடு 'ஏஏ' என்று போட்டிருக்கும் பிடிப்புத் தரம் ஈரத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடிப்பதற்கு மட்டும். வளைவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு.

வைட்ஃபீல்ட் 16 இன்ச்

சர்ஜாபுரா ரோடு சார், மற்றதெல்லாம் சரி. முன்னால் போடுவதை மட்டும் தயவுசெய்து இங்கே பரிந்துரைக்காதீர்கள். முன்பக்கம் வழுக்கினால் வண்டி வெளியே நேராகப் போகும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடிக்கும். பின்பக்கம் வழுக்கினால் சுழலும். அதைப் பிடிக்க உங்களுக்கும் எனக்கும் பழக்கம் கிடையாது. முன்வீல் இழுக்கும் வண்டியானாலும் நல்ல ஜோடி பின்னால் என்று டயர் கம்பெனிகளே சொல்வது அதனால்தான். 12 வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பது அந்த லாரி உங்கள் முன்னால் பிரேக் போடவில்லை என்பதுதான்.

நீங்கள் சொன்ன அதே 195/55 ஆர்16க்கு நானும் ஏறினேன். கணக்கில் எல்லாம் பொருந்தியது. நீங்கள் விட்டது ஒன்று: பக்கச்சுவர் 120 மில்லிமீட்டரிலிருந்து 107க்கு இறங்குகிறது. மாரத்தஹள்ளி பக்கம் தண்ணீர் நின்ற ஒரு குழி. ஆழம் தெரியவில்லை. 'டக்' என்று ஒரே சத்தம், வண்டி போய்க்கொண்டே இருந்தது. இரவு பார்க்கிங்கில் போன் வெளிச்சத்தில் தடவிப் பார்த்தால், சைட்வாலில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். உள்ளே நூல் அறுந்துவிட்டது, ஒட்டு போட முடியாது. போட்டு மூன்று வாரமான டயர். அந்த வீக்கத்தோடு அன்று மதியம் பிள்ளைகளை வைத்து 100இல் வந்திருக்கிறேன். அதுதான் தூக்கம் கெடுக்கிறது.

ஜே.பி. நகர்

அல்சூர் நண்பரே, புது டயர் போட்டு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது? முதல் சில நூறு கிலோமீட்டர் புதுசும் கொஞ்சம் வழுக்கும்.

அல்சூர் ஸ்விஃப்ட்

800 ஓடியிருந்தது. அதனால் அது இல்லை.

சர்ஜாபுரா ரோடு சார், பிரேக்கைத் தொட்டது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்பக்கம் விட்டுப் போன அந்த உணர்வை அனுபவித்த பிறகு என்னால் முன்னால் போட முடியாது. நேற்று ஜே.சி. ரோடு டயர் கடைக்குப் போய், கூடவே நின்று, புதுசு இரண்டையும் பின்னால் மாற்றினேன். தேதியையும் பார்த்துவிட்டேன், நல்ல வேளை, புதுசுதான். அடுத்த மாதம் முன்னால் இரண்டும் வாங்குகிறேன், அதே 15 இன்ச்.

தீபாவளிக்கு மறுபடியும் அதே வழி. அம்மா இந்தத் தடவை முன் சீட்டில் உட்காருகிறேன் என்கிறார்.