தடுப்பானா, குலைப்பியா? ஜி.பி.எஸ். ஜாமருக்கு ஒரு சொல் தேடி

சேலத்திலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம். வாடகை வண்டி, லாரி ஓட்டுநர்களுக்கான துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலை 1 அன்று பொதுமக்களுக்கு விடுத்த அறிவுரைதான் அதற்கு அடிப்படை. அரசு குறிப்பாக அனுமதித்தாலொழிய, செல்பேசி ஜாமர், ஜி.பி.எஸ். பிளாக்கர், சிக்னலை ஜாம் செய்யும், அதாவது செயல்படவிடாமல் ஆக்கும், பிற கருவி ஆகியவற்றைப் பயன்படுத்துவது பொதுவாகச் சட்டவிரோதம் என்று அது சொல்கிறது. அவற்றை விளம்பரப்படுத்துவதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் அப்படியே. முதலாளி வண்டியின் இருப்பிடத்தை அறியாதிருக்க, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு கருவியை வாங்கிவிடும் ஓட்டுநருக்கு இது புரிய வேண்டும். ஜாமரைத் ‘தடுப்பான்’ என்று எழுதலாம் என்றால், “தடுப்பான்களுக்குத் தடை விதிக்கப்பட்டுள்ளது” என்று வாக்கியம் வந்து நிற்கிறது. யார் எதைத் தடுக்கிறார் என்று படிப்பவர் திகைப்பார். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

கோவையிலிருந்து, மின்னணுவியல் பேராசிரியர்:

வணக்கம் அம்மா. ‘தடுப்பான்’ ஓசையில் மட்டுமன்றிப் பொருளிலும் பிழையானது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்பும் குறிகை (சிக்னல்) நம் வண்டிக்கு வந்து சேரும்போது, ஒரு வாட்டை நூறு கோடிக் கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு அளவுக்கே வலிமையுடன் இருக்கும். வாங்கியின் (ரிசீவரின்) உள்ளிரைச்சலுக்கும் கீழே கிடக்கும் அந்தக் குறிகையைக் கணக்கீட்டால்தான் மீட்டெடுக்கிறோம். ஜாமர் அதை வழியில் மறிப்பதில்லை. அதே அலைவரிசையில் தானும் இரைச்சலை உமிழ்ந்து, வாங்கியைத் திணறடிக்கிறது. மெல்லப் பேசுபவரின் வாயைப் பொத்துவது வேறு, பக்கத்தில் நின்று தவில் அடிப்பது வேறு. அலைவாங்கியை (ஆன்டெனாவை) உலோகத் தாளால் மூடினால் அது தடுப்பு, ஜாமர் தவில். ‘தடை’ என்ற சொல்லோ எங்கள் துறையில் ஏற்கெனவே மின்தடையாக வேலை செய்துகொண்டிருக்கிறது. ‘குறுக்கீடு’ என்பதையும் தவிர்க்கலாம்; பழுதான மின்பொறி கூடத் தன்னையறியாமல் குறுக்கீடு செய்யும்.

தஞ்சையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பேராசிரியர் விளக்கம் தெளிவு. ஆயினும், நீங்கள் ‘தடுப்பான்’ என்பதிலுள்ள ‘-ஆன்’ ஈற்றை ஏன் இவ்வளவு எளிதாக ஏற்கிறீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அது உயர்திணை ஆண்பால் ஒருமை ஈறு. கருவிக்கு ‘-இ’ ஈறே தகும். மரங்கொத்தி, மீன்கொத்தி என்று நம் முன்னோர் அஃறிணைக்குப் பெயரிட்ட நெறி அது. ‘கரப்பான்’ என்று அஃறிணைப் பெயரிலும் ‘-ஆன்’ உண்டே என எதிர்வாதம் வரும் என அறிவேன். அதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன். இங்கே நடப்பது நிலைகுலைத்தல். ஆகவே ‘அலைக்குலைப்பி’ என்பது என் முன்மொழிவு. கூடவே ஒன்று: ஜி.பி.எஸ். போன்ற அமைப்புக்குச் ‘செயற்கைக்கோள் வழிகாட்டல்’ என்று நான்கு அங்குலச் சொல் எதற்கு? நம் நாட்டு அமைப்புக்கே ‘நாவிக்’ என்று கப்பலோட்டியின் பெயரை இட்டிருக்கிறார்கள். “நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி” என்று கரிகாலனின் முன்னோனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார் வாக்கு நம்மிடம் இருக்க, ‘வான்நாவல்’ என்றொரு சொல் ஆக்கினால் என்ன? நாவுதல் என்னும் வினை ஒருகாலத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

மதுரையிலிருந்து, வழக்கறிஞர்:

ஐயா அவர்களுக்கு வணக்கம். நாவாய் எனக்கும் பிடிக்கும். ஆனால் வான்நாவல் என்று படிக்கும் ஓட்டுநர் நாவல் பழத்தைத்தான் நினைப்பார்.

பேராசிரியர் சொன்ன வேறுபாட்டில்தான் சட்டமும் நிற்கிறது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றி வானொலிக் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அமெரிக்கத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 333ஆம் பிரிவு, அனுமதி பெற்ற வானொலித் தொடர்பில் வேண்டுமென்றே குறுக்கிடுவதைத் தடைசெய்கிறது. உலோகத் தாளைச் சுற்றி வைத்தவருக்கு வேறு விதிகளின்படி தொல்லை வரலாம். ஆனால் அவர் எந்த அலையையும் உமிழவில்லை, பக்கத்து வண்டிக்கும் வானத்திலுள்ள விமானத்துக்கும் அவரால் கேடில்லை. ஜாமர் வைத்திருப்பவரால் கேடு உண்டு. 2012இல் நியூஜெர்சியில் ஒருவர் நிறுவன வண்டியின் கண்காணிப்பிலிருந்து தப்ப வைத்திருந்த கருவி, நியூவார்க் விமான நிலையத்தில் விமானங்களைத் தரையிறக்க உதவும் ஜி.பி.எஸ். துணையமைப்பைக் குலைத்தது. அதற்காக 31,875 டாலர் தண்டம் விதிக்க உத்தேசிப்பதாக அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2013இல் அறிவித்தது. அவர் மறைக்க நினைத்தது தன் ஒரு வண்டியை மட்டுமே. ‘தடுப்பான்’, ‘மறைப்பி’ என்று எழுதினால் ஓட்டுநரின் அந்தத் தவறான நம்பிக்கைக்கு நாமே சொல் கொடுத்ததாகும். எனவே நான் குலைப்பியின் பக்கம். அறிவுரையில் ஜாமர், பிளாக்கர் என இரண்டு சொற்கள் இருப்பது, விற்பவர் பெயரை மாற்றித் தப்பாதிருக்கவே என்று தோன்றுகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும். “எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும்” என்று சேர்த்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். குலைப்பியில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாங்கள் ‘செய்மதி’ என்று பள்ளியிலிருந்தே எழுதி வருகிறோம். நாலெழுத்துச் சொல் இருக்க, தமிழகத்தார் ஏன் செயற்கைக்கோளைச் சுமக்கிறீர்கள்? குறிகையா, சமிக்ஞையா என்பதையும் பேசுங்கள். எங்கள் பாடநூல் படித்த பிள்ளைக்குக் குறிகை புதுச்சொல்.

சென்னையிலிருந்து, நாளிதழ்த் துணையாசிரியர்:

தேர்வு மையங்களிலும் சிறைகளிலும் ‘ஜாமர் கருவி’ பொருத்தப்பட்டதாகப் பல்லாண்டுகளாகச் செய்தி எழுதி வருகிறோம். அச்சொல்லைப் புரியாதவர் ஒருவரும் கடிதம் எழுதியதில்லை. தண்டனைக்கு எச்சரிக்கும் அறிக்கையில், குற்றம் எது என்பதே அகராதி பார்த்துத்தான் தெரியும் என்றால் அது அறமாகாது. தூய்மை பாடநூலில் இருக்கட்டும்; துண்டறிக்கையில் ஜாமர் என்றே எழுதுங்கள்.

தஞ்சையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இப்படித்தான் ஒவ்வொரு முறையும் அவசரம் காட்டி ‘ஜ’ போன்ற வடவெழுத்தை உள்ளே விடுகிறோம். பேருந்து என்ற சொல்லும் ஒரு நாள் புதிதாகவே இருந்தது. எழுதாமல் ஒரு சொல் எப்படி வழக்கில் வரும்?

கோவையிலிருந்து, மின்னணுவியல் பேராசிரியர்:

ஒரு வேண்டுகோள். பொய்யான இருப்பிடத்தைக் காட்டச்செய்யும் ஏமாற்றுக் குறிகையையும் இதே சொல்லில் அடக்கிவிடாதீர்கள். குலைப்பியால் வாங்கி வாயடைத்துப் போகும். பொய்க்குறிகையால் அது நம்பிக்கையோடு தவறான இடத்தைச் சொல்லும். விமானிக்கு இரண்டாவதே கூடுதல் ஆபத்து.

சேலத்திலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அனைவர்க்கும் நன்றி. எண்ணிப் பார்த்தால் குலைப்பிக்கு ஆதரவு மிகுதி. ஆர்வத்தைவிடக் களைப்பால் வந்த ஆதரவும் அதில் உண்டு. அச்சுக்கு அனுப்பும் வாக்கியம் இது: “ஜி.பி.எஸ். ஜாமர் எனப்படும் அலைக்குலைப்பியை, அது எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும், அரசின் அனுமதியின்றிப் பயன்படுத்துவதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் சட்டவிரோதம். அது உங்கள் வண்டியை மட்டும் மறைப்பதில்லை. சுற்றியுள்ள வண்டிகளுக்கும் விமானங்களுக்கும் வழி தெரியாமல் செய்கிறது.” முதல் வரிக்குப் பிறகு எங்கும் அலைக்குலைப்பி மட்டுமே வரும். செய்மதியைப் பற்றித் தனி இழை தொடங்கலாம். இந்த அறிக்கையில் அதற்கு இடம் வரவில்லை. பொய்க்குறிகையும் இதில் இல்லை.

சென்னையிலிருந்து, நாளிதழ்த் துணையாசிரியர்:

முதல் வரியில் ஜாமர் இருப்பதால் சமாதானம். ஆனால் அபாயக் குறியோடு கொட்டை எழுத்தில் வரும் தலைப்பிலும் ஜாமர்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதை மாற்றிக்கொள்வதாக இல்லை.

தஞ்சையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தலைப்பில் ஜாமர் வந்தால் என் பெயரை நன்றியுரையிலிருந்து நீக்கிவிடுங்கள். கரப்பான் பற்றிய மடல் நாளை வரும்.