நெடுநல்வாடையில கோல் ஒண்ணா ரெண்டா?

கட்டடக்காரன்_ரோஹிணி:
இங்க தில்லியில ஒரு தமிழ்ப் பேராசிரியை பேசின வீடியோவ எல்லா குரூப்லயும் சுத்த விடுறீங்க. நக்கீரர் எழுதின சங்கப் பாட்டு நெடுநல்வாடையே ஒரு வீட்டு பிளானாம், கோபுர வாசல், முற்றம், அந்தப்புரம், கடைசியில பாண்டிமாதேவி கட்டில்னு பாட்டு உள்ள நடந்து போகுதாம், நக்கீரருக்கு கட்டடக்கலை அத்துப்படியாம். சைட்லயே காலம் தள்ளினவன் சொல்றேன், திசை பாக்க ஒரு கோல் போதும். சுத்தி வட்டம் போடு, காலையில நிழல் நுனி வட்டத்த தொடுற இடம், சாயங்காலம் தொடுற இடம், ரெண்டையும் சேத்தா கிழக்கு மேற்கு, முடிஞ்சது. அந்தப் பாட்டுல "இருகோல் குறிநிலை வழுக்காது", அதாவது ரெண்டு கோல் நட்டு குறிக்கிற நிலை தப்பாமன்னு எழுதினவர் சைட்ட பாத்ததே இல்ல.

ஆர்கேபுரம்_டீச்சர்:
பாட்ட முழுசா படிச்சீங்களா சார்? கீழயே "நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு"ன்னு, கட்டட நூல் தெரிஞ்சவங்க நுணுக்கமா கயிறு பிடிச்சது வருது. கதவுக்கு இரும்பு பிணிச்சது, செவ்வரக்கு பூசினது, கொடியோட யானை நுழையற உயரத்துக்கு வாசல் வச்சது எல்லாம் வரிசையா சொல்றார். சைட்ட பாக்காதவர் எழுதுறதா இது?

கட்டடக்காரன்_ரோஹிணி:
கயிறு வேற, நிழல் பாக்குற கோல் வேற. ஒரு கோல் போதும்.

மயூர்விகார்_மதுரைக்காரன்:
பாட்டுக்கு உரை எழுதின நச்சினார்க்கினியரே ரெண்டு கோல் நட்டு, சித்திரை மாச உச்சிவேளையில நிழல் பாக்குறதத்தான் சொல்றார். எங்க மதுரையில ஏப்ரல் நடுவுல உச்சிக்கு நிழல் காலடியில ஒடுங்கிரும். தில்லி கடகரேகைக்கு வடக்க இருக்கு, ஜூன் மாசம் கூட நட்ட கோலுக்கு நிழல் வடக்க சாயும். ரோஹிணியில உக்காந்துக்கிட்டு மதுரைக்கு நிழல் பாக்காதீங்கண்ணே.

கட்டடக்காரன்_ரோஹிணி:
எனக்கு கடகரேகை பாடமா? மதுரையோ தில்லியோ, கோல் ஒண்ணுதான். ரெண்டாவது கோல் எதுக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தராவது சொன்னீங்களா?

ஆர்கேபுரம்_டீச்சர்:
ஒண்ணு சாஞ்சிருந்தா இன்னொண்ணு காட்டிக்குடுக்கும், "வழுக்காது"ன்னு அதான் சொல்றார். சிலப்பதிகாரத்துல இளங்கோ கூட நாடக அரங்குக்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம், அங்க கோல்னா அளவுகோல், அதுக்கு 24 விரல்னு அளவு குடுத்திருக்கார். பாட்டு எழுதுறவங்களுக்கு கட்டடம் தெரியாதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க.

மயூர்விகார்_மதுரைக்காரன்:
அந்த அளவுல போட்டிருந்தா போன பொங்கல் விழாவுல அண்ணன் போட்ட மேடை அப்படி ஆடியிருக்காது. கும்மி ஆடின பிள்ளைங்க பயந்து பாதியில இறங்குச்சுங்க.

கட்டடக்காரன்_ரோஹிணி:
மேடைய இழுக்காத தம்பி. பலகைக்கு காசு இல்லன்னு கைய விரிச்சது உங்க கமிட்டி. நக்கீரர் பேச்சுக்கு வா. ஒரு கோல் போதும்.

ஆர்கேபுரம்_டீச்சர்:
கமிட்டியில நானும் இருந்தேன் சார். நீங்க கேட்ட பணம் பூரா குடுத்தோம், ரசீது எங்கிட்ட இருக்கு.

கட்டடக்காரன்_ரோஹிணி:
ரசீத இங்கயே போடுங்க மேடம், எல்லாரும் பாக்கட்டும். கோல் ஒண்ணுதான்.