மலையிலிருந்து படிக்கப் போன பிள்ளைகளுக்கு: கோடை ஆராய்ச்சிக்குப் பணம் எங்கே கிடைக்கும்?

நீலகிரியிலிருந்து டிகிரி படிக்க வெளிநாடு போன பிள்ளைகளிடமிருந்து தீபாவளி முடிந்ததும் ஒரே கேள்விதான் வருகிறது: "அக்கா, சம்மர்ல என்ன பண்றது?" ஊருக்கு வந்து போனால் டிக்கெட்டுக்கே ஒரு லட்சத்துக்கு மேல் காலி. அங்கேயே இருந்தால் ஹாஸ்டலை மூடிவிடுவார்கள், வெளியே வாடகை கொடுக்க வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் ஏதோ ஒரு லேபில் ஆராய்ச்சி, கையில் ஸ்டைபண்டு என்று பேசிக்கொள்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை, அதனால் இங்கே மொத்தமாக எழுதுகிறேன். நான் அமெரிக்காவில் இயற்பியல் படித்தவள், இப்போது கோத்தகிரியில்தான் இருக்கிறேன். அமெரிக்கா பற்றி விரிவாகவும் மற்ற நாடுகள் பற்றிச் சுருக்கமாகவும் இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஒரு கசப்பான விஷயம். "சம்மர் ரிசர்ச்" என்று தேடினால் முதலில் வந்து நிற்பது ஆர்.இ.யூ. திட்டம். அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனமான என்.எஸ்.எஃப். பணம் தருகிறது. பெரும்பாலும் 10 வாரம், ஸ்டைபண்டு, தங்க இடம், பல இடங்களில் பயணச் செலவும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. ஃபெடரல் வொர்க்-ஸ்டடி என்கிற, அரசாங்கப் பணத்தில் கிடைக்கும் மாணவர் வேலையும் அப்படியே. கட்டுரை எழுதி, சிபாரிசுக் கடிதம் வாங்கி, மார்ச் வரை காத்திருந்து அப்புறம் தெரிந்துகொள்வதை விட, எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் தகுதிப் பகுதிக்குப் போய் "சிட்டிசன்" என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

அப்போ நமக்கு என்னதான் இருக்கிறது? என் பதில் எப்போதும் ஒன்றுதான்: உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் பணம். அரசாங்கப் பணத்துக்குத்தான் குடியுரிமை நிபந்தனை. பழைய மாணவர்கள் கொடுத்த அறக்கட்டளைப் பணம், டீன் அலுவலகத்தின் கோடை நிதி, ஹானர்ஸ் காலேஜ் நிதி, புரொபசர் கையிலேயே இருக்கும் தனியார் நிதி, இவற்றில் பலவற்றுக்கு அந்த நிபந்தனை இல்லை. இவற்றை யாரும் விளம்பரம் செய்வதும் இல்லை. "அண்டர்கிராஜுவேட் ரிசர்ச் ஆபீஸ்" என்று பல கேம்பஸ்களில் ஒரு சின்ன அறை இருக்கும். அங்கே நேரில் போய், "நான் இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட், எனக்கு எதெல்லாம் பொருந்தும்?" என்று கேளுங்கள். கேட்பதில்தான் நம் பிள்ளைகளுக்குக் கூச்சம். ஊட்டியில் பள்ளிக்கூடத்தில் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று பழகியவர்கள் நாம். அங்கே ஆபீஸ் ஹவர்ஸ் என்று நேரம் குறித்து வைத்து, யாரும் வராமல் உட்கார்ந்திருக்கிறார் புரொபசர்.

அவருக்கு எழுதும் மெயில் பற்றி. பத்தில் எட்டு மெயில் இப்படித்தான் இருக்கும்: மதிப்பிற்குரிய ஐயா, நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கும் மிகவும் ஆர்வமுள்ள மாணவன், உங்கள் ஆராய்ச்சியைக் கண்டு வியந்தேன், எந்த வாய்ப்புக் கொடுத்தாலும் நன்றியோடு இருப்பேன். இதைப் படிக்கிறவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்குப் பதில், போன செமஸ்டரில் அவருடைய பாடத்தையோ பக்கத்துப் பாடத்தையோ எடுத்தது ஒரு வரி. அவருடைய கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் மூன்றாவது படத்தில் வரும் வளைகோடு ஏன் பாதியில் இறங்குகிறது என்று புரியவில்லை என்பது மாதிரி ஒரு உண்மையான கேள்வி. பைத்தான் தெரியும், சால்டரிங் வரும், அல்லது மைக்ராஸ்கோப்பில் பழக்கம் உண்டு என்று ஒரு வரி. கடைசியாக, "கோடையில் முழு நேரமும் இருப்பேன், டிபார்ட்மெண்டில் சம்மர் நிதி இருந்தால் உங்களை வழிகாட்டியாகப் போட்டு விண்ணப்பிக்கலாமா, 15 நிமிடம் பேச முடியுமா?" அவ்வளவுதான். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரி. மறுபடியும் வராவிட்டால் அந்த லேபில் பி.எச்.டி. செய்கிற யாரையாவது பிடியுங்கள். உங்களை வைத்து வேலை வாங்கப் போவது பெரும்பாலும் அவர்தான்.

இதை ஜனவரிக்குள் செய்துவிட வேண்டும். பல நிதிகளுக்குப் பிப்ரவரியிலேயே கடைசித் தேதி வந்துவிடும், அதற்கு முன்னால் ஒரு புரொபசர் சம்மதித்திருக்க வேண்டும்.

வெளிக் கதவுகளும் சில திறந்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் உள்ள கால்டெக்கின் சர்ஃப் என்கிற கோடை ஆராய்ச்சித் திட்டம் வெளிப் பல்கலைக்கழக மாணவர்களையும் எடுக்கிறது, ஆனால் வழிகாட்டியை நீங்களே பிடித்து, அவரோடு பேசி, ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. நடத்தும் ரைஸ் திட்டம் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்தில் படிக்கிற அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கானது. அங்கே ஒரு பி.எச்.டி. மாணவரோடு சேர்ந்து வேலை, ஆங்கிலமே போதும். விண்ணப்பம் வருடக் கடைசிக்குள்ளேயே முடிந்துவிடும் என்பதால்தான் நம்மவர்கள் கோட்டைவிடுகிறார்கள். ஜப்பானில் ஒகினாவாவில் உள்ள ஓ.ஐ.எஸ்.டி. என்கிற அறிவியல் பல்கலைக்கழகம் எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை, விமான டிக்கெட், தங்குமிடம், தினப்படி எல்லாம் கொடுக்கிறது. இயற்பியல், கம்ப்யூட்டர் பக்கம் இருப்பவர்கள் ஜெனீவாவில் உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் கோடைத் திட்டத்தையும் பாருங்கள். இந்தியா 2017 முதல் அங்கே இணை உறுப்பு நாடு.

கனடாவில் இருப்பவர்களுக்கு: அரசாங்க ஆராய்ச்சி நிதி அமைப்பான என்.எஸ்.இ.ஆர்.சி. தரும் கோடை விருது குடிமக்களுக்கும் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) உள்ளவர்களுக்கும்தான். ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் மாதிரி சில இடங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே தனி விருது வைத்திருக்கிறார்கள், கேளுங்கள். ஜெர்மனியில் படிப்பவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பாடத்திட்டத்திலேயே கட்டாயமாக இருக்கிற இன்டர்ன்ஷிப் அந்தக் கணக்கில் வராது. ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, அங்கே கோடை டிசம்பரில் தொடங்குகிறது. அதனால் எல்லாத் தேதியும் தலைகீழ்.

இனி விசா. எஃப்-1-இல் இருந்தால் உங்கள் கேம்பஸுக்குள் வேலை, செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம், விடுமுறையில் முழு நேரம். கேம்பஸுக்கு வெளியே என்றால், இன்னொரு பல்கலைக்கழக லேபாக இருந்தாலும், பொதுவாக சி.பி.டி. என்கிற, படிப்பின் பகுதியான வேலைக்குத் தரும் அனுமதி வேண்டும். ஒரு கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும், வேலை உங்கள் படிப்போடு இணைந்ததாக இருக்க வேண்டும், கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் அனுமதி ஏறிய பிறகுதான் முதல் நாள் வேலைக்குப் போகலாம். முழு நேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டால் பிறகு அந்தப் படிப்புக்கு ஓ.பி.டி. (பொதுவாகப் படிப்பு முடிந்த பின் வேலை பார்க்க வாங்கும் அனுமதி) கிடையாது, ஒரு கோடை அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. "சம்பளமே வேண்டாம், சும்மா போய் வேலை செய்கிறேன்" என்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். சம்பளம் இல்லாவிட்டாலும் அது வேலையாகக் கருதப்படலாம், தம்பி. இன்டர்நேஷனல் ஆபீஸில் எழுத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

வரியைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, கையில் குறைவாக வந்த பிறகுதான் விழிப்பார்கள். பணம் ஃபெலோஷிப்பாக வந்தால் எஃப்-1 மாணவர்களிடம் பொதுவாக 14 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், அடுத்த வருடம் 1042-எஸ் என்று ஒரு தாள் வரும். சம்பளமாக வந்தால் டபிள்யூ-2. முதல் 5 காலண்டர் வருடங்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி நமக்குக் கிடையாது, தவறிப் பிடித்திருந்தால் திரும்பக் கேட்கலாம். அப்புறம் ஒரு நல்ல செய்தி: இந்திய - அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவால், இந்தியாவிலிருந்து வந்த மாணவர்கள் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், அதாவது வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கும் நிலையான தொகையை, எடுத்துக்கொள்ளலாம். மற்ற நாட்டு மாணவர்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை. ஒரு கோடை ஸ்டைபண்டு மட்டும் வருமானமாக இருந்தால், ஃபெடரலுக்குப் பிடித்ததில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். வருமானமே இல்லாவிட்டாலும் 8843 படிவத்தை வரித்துறைக்கு அனுப்பிவிடுங்கள்.

கூடலூர் தம்பி கேட்டதற்கு வருகிறேன்: "ஊருக்கும் வரணும், ஆராய்ச்சியும் பண்ணணும், நம்ம மலையிலேயே பண்ண முடியுமா அக்கா?"

முடியும். வெளிநாட்டுக்குப் போய் ஆய்வு செய்ய என்றே பல பல்கலைக்கழகங்களில் கோடை நிதி இருக்கிறது. அதில் நீங்கள் நீலகிரியை எழுதினால் உங்களோடு போட்டி போட ஆளே இருக்காது. தங்க வீடு இருக்கிறது, பேசத் தமிழோ படுகோ இருக்கிறது. ஆனால் "எங்கள் ஊர் மிகவும் அழகானது" என்று எழுதினால் பணம் கொடுக்க மாட்டார்கள். இங்கே ஆராய்ச்சி நடக்கிற இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970-இல் கட்டி முடித்தார்கள். அந்த மலைச்சரிவு கிட்டத்தட்ட 11 பாகை சாய்ந்திருக்கிறது, ஊட்டியின் அட்சரேகையும் அதே 11 என்பதால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், மணிக்கணக்கில் ஒரு விண்பொருளைத் தொடர்ந்து பார்க்கலாம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணமே அதுதான். ஊட்டியிலேயே காஸ்மிக் கதிர்களைப் பிடிக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடமும் இருக்கிறது. 2014 டிசம்பரில் வந்த ஒரு இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் மியூவான் என்கிற துகள்களை எண்ணியே கண்டுபிடித்தார்கள், 2019-இல் கட்டுரை வெளிவந்தது. இரண்டுமே டி.ஐ.எஃப்.ஆர். என்கிற டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவை. உயிரியல், சுற்றுச்சூழல் என்றால் கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை. எங்கே போவதானாலும் அங்கிருக்கும் ஒருவர் "இந்த மாணவரை ஏற்கிறேன்" என்று கடிதம் தர வேண்டும், அது இல்லாமல் உங்கள் பல்கலைக்கழகம் பணம் விடாது.

காட்டுக்குள் வேலை என்றால் யோசியுங்கள். வனத்துறை அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும், ஒரு கோடைக்குள் நடக்காது. அதை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுவாசியாகிவிட்டால், ஆராய்ச்சிக்காக ஒரு செடியையோ பூச்சியையோ எடுக்க சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சோலையில் நாலு இலை பறித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகிற கதையெல்லாம் வேண்டாம். தோடர், கோத்தர், குறும்பர் ஊர்களிலோ தேயிலைச் சிறு விவசாயிகளிடமோ பேட்டி எடுப்பதென்றால், உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழு முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். அதற்கும் வாரக்கணக்கில் ஆகும், மார்ச்சிலேயே போட்டுவிடுங்கள்.

மழையையும் கணக்கில் எடுங்கள். உங்கள் கோடை நமக்குத் தென்மேற்குப் பருவம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூலையில் களப்பணி என்று எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டி வரும். மே மாதத்தில் வெளிவேலையை முடித்துவிட்டு, மழையில் கணக்குப் போடும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகத் தேவையான ஐ-20 பயணக் கையெழுத்து, விசா ஸ்டாம்பின் தேதி இரண்டையும் அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஊருக்கு வராமலே மலையோடு வேலை செய்யவும் வழி உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதான எவர்ஷெட் விளைவு 1909-இல் அங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது. நூறு வருடத்துக்கும் மேலான சூரியப் படங்களை டிஜிட்டலாக்கிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகளை எண்ணுவதற்கு ஒரு நிரல் எழுதி, ஹாஸ்டல் அறையிலிருந்தே ஒரு கோடையை ஓட்டலாம். கம்ப்யூட்டர் படிக்கிறவர்களுக்கு இதை விட நல்ல திட்டம் எனக்குத் தோன்றவில்லை.

குன்னூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார்கள், பணம் கட்டினால் வெளிநாட்டுப் புரொபசரோடு "ரிசர்ச் இன்டர்ன்ஷிப்" ஏற்பாடு செய்து, கட்டுரையும் வெளியிட்டுத் தருகிறார்களாம், சேர்க்கலாமா என்று. வேண்டாம்மா. ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்புக்கு மாணவருக்குத்தான் பணம் தர வேண்டும். இதுவரை நான் பார்த்த அந்த மாதிரிக் கட்டுரைகளை எந்த அட்மிஷன் கமிட்டியும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அந்தப் பணத்தைப் பையனின் ஜூன் மாத வாடகைக்கு வையுங்கள்.

ஊட்டி கலைக் கல்லூரியில் படிக்கிற தங்கைக்கு என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தியாவில் படிப்பவர்களுக்கு அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி ஃபெலோஷிப் இரண்டு மாதம். டி.ஐ.எஃப்.ஆர். தனியாக ஒன்று நடத்துகிறது. கனடாவுக்குப் போக மைட்டாக்ஸ் குளோபலிங்க் என்கிற ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப், 12 வாரம், அதற்குச் செப்டம்பரிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதால் அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரைஸுக்குப் போட நினைப்பவர்கள் மட்டும் இந்த வாரமே சிபாரிசுக் கடிதம் கேட்டுவிடுங்கள். நவம்பர் கடைசியில் அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை, புரொபசர்கள் மெயிலைத் திறக்க மாட்டார்கள். மற்ற கேள்விகளைக் கீழே போடுங்கள், எந்த நாடு, எத்தனையாவது வருடம், எந்த விசா என்று மூன்றையும் சேர்த்து எழுதினால் எனக்கு வேலை மிச்சம்.