மறு: பேக்ஃபீட், பாடி எர்த்: மடைமாறல், மீள்தடம் சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். கார் மின்சாரக் கையேட்டுக்கு இரண்டு தமிழ்ச்சொற்கள் தேடுகிறோம்: பேக்ஃபீட் (போகும் வழி அடைபட்டதால் மின்சாரம் வேறொரு ஒயரில் தலைகீழாகப் பாய்வது), பாடி எர்த் (மின்சாரம் வண்டியின் உலோக உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி).

> பேக்ஃபீட் என்பதைப் ‘பின்னூட்டம்’ என்றே எழுதிவிடலாமே.

வேண்டாம் ஐயா. பின்னூட்டம் எப்போதோ ஃபீட்பேக்குக்குப் போய்விட்டது. ஃபீட்பேக் வேண்டுமென்றே அமைப்பது, பேக்ஃபீட் பழுது.

நடப்பதைப் பார்த்தால் சொல் தானாக வரும். பழைய கார்கள் பலவற்றின் பின்விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள்: பிரேக்குக்கு 21 வாட், பார்க்கிங் லைட்டுக்கு 5 வாட். இரண்டுக்கும் மின்சாரம் திரும்பிப் போக வழி ஒன்றுதான், பல்பின் உலோக உறை, ஹோல்டர், அங்கிருந்து பாடி. டிக்கிக்குள் மழைத்தண்ணீர் இறங்கி அந்த எர்த் போல்ட் துருவேறிவிட்டால், பிரேக்கை மிதித்ததும் 21 வாட் இழையைக் கடந்து வந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. பக்கத்து 5 வாட் இழைக்குள் தலைகீழாக ஏறி, பார்க்கிங் லைட் ஒயரைப் பிடித்து முன்னால் போய், டாஷ்போர்டு விளக்குகளை மங்கலாக எரியவிட்டு, அங்கே இருக்கிற எர்த்தில் இறங்குகிறது. விளக்கு சுவிட்ச் அணைந்தேதான் இருக்கும்! பட்டறையில் ‘ரிட்டன் அடிக்குது’ என்பார்கள். விவரம் தெரியாதவர் டாஷ்போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அடுத்த வயலின் மடையில் புகுவது போலத்தான். ஆகவே ‘மடைமாறல்’. மடைமாறிய மின்னோட்டம், மடைமாறல் பழுது என்று நீட்டவும் வளைந்து கொடுக்கிறது.

அப்புறம் எர்த். புவித்தொடுப்பு வீட்டு ஒயரிங்குக்குச் சரி. ரப்பர் டயரில் நிற்கும் காருக்குப் புவியோடு என்ன தொடுப்பு? ‘எதிர்முனைத் தொடுப்பு’ம் ஆகாது. 1960-கள் வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனையைத்தான் பாடியில் கட்டினார்கள். ‘கூட்டுத்தொடுப்பு’ எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் வண்டிக்கூடு யாருக்கும் தோன்றாது, பலவற்றைச் சேர்த்துத் தொடுப்பது என்றே படிப்பார்கள். மின்சாரம் பேட்டரிக்கு மீளும் தடம் என்பதால், நான் ‘மீள்தடம்’ பக்கம்.

> மெக்கானிக்குக்கு எர்த் என்றாலே போதுமே. புதுச்சொல் எதற்கு?

பேச்சுக்குப் போதும், கையேட்டுக்குப் போதாது. ‘எர்த் செக் பண்ணு’ என்றால் மல்டிமீட்டரை ஓமில் (மின்தடை அளவில்) வைத்து, பூஜ்யம் காட்டுகிறது, நல்லாத்தான் இருக்கு என்று விட்டுவிடுகிறார்கள். ஒயரில் ஒற்றைச் செம்பு நூல் மிஞ்சியிருந்தாலும் ஓம் மீட்டர் அப்படித்தான் சொல்லும். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஹோல்டரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே அளக்க வேண்டும். 0.1, 0.2 வோல்ட் என்றால் கவலையில்லை. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து முடுக்க வேண்டியதுதான். இப்படி அளப்பதற்கு மின்னழுத்த இறக்கம் (வோல்டேஜ் டிராப்) என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘மீள்தட இறக்கம்’ என்று சொல்லிவிட்டால் மீட்டரை எங்கே வைப்பது என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

பியூஸ், சுவிட்ச் வழியாக விளக்குக்குப் போகும் பக்கத்தைச் ‘செல்தடம்’ எனலாம். செல்போன் டவர் மாதிரி இருக்கிறதே என்று யாராவது எழுதப்போகிறீர்கள், தெரியும். வேறு நல்ல சொல் கையில் இருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.